முள்காட்டைத் திருத்த எந்த மெஷின்?

கேள்வி: என் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த நான்கு ஏக்கர் பட்டா நிலம் முதுகுளத்தூருக்கு அருகில் உள்ளது. பதினைந்து ஆண்டுகளாக உழவு காணாமல் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. பொங்கல் கழிந்ததும் நானும் மகனும் ஒரு மாதம் அங்கே தங்கி நிலத்தைத் திருத்த எண்ணியுள்ளோம். மரம் அறுக்கும் மெஷினைப் புதுச்சேரியில் வாங்கி, இங்கேயே ஓட்டிப் பழகியபின் ரயிலில் எடுத்துச் செல்லலாமா, அல்லது அங்கே போய் வாங்குவதா? 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) உள்ள பெரிய மெஷினே கருவேலுக்கு ஏற்றது என்கிறார் கடைக்காரர். நிலத்தில் மின் இணைப்பு இல்லை.
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மெஷின் வாங்கப் பணம் எடுக்கும் முன் ஊரில் ஒரு விசாரணை செய்துவிடுங்கள். முதுகுளத்தூர், கமுதி வட்டாரம் கரிமூட்டத்துக்கு, அதாவது விறகை மூடி எரித்துக் கரியாக்கும் தொழிலுக்குப் பேர்போனது. நம் பக்கத்தில் தொல்லையாக மட்டுமே தெரியும் இந்த மரத்துக்கு அங்கே விலை உண்டு. கரிமூட்டம் போடுபவர்கள் தங்கள் ஆட்களையும் மெஷினையும் கொண்டுவந்து மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, நிலத்துக்காரருக்கும் ஒரு தொகை தருவதுண்டு. பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் என்றால் பேசிப் பார்க்கத் தகுந்த சரக்குதான். பேசும்போது தூரையும் தோண்டித் தருவார்களா, மேலே அறுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும், தொகையையும் அதற்கேற்பத்தான் பேச வேண்டும்.

தாமே வெட்டுவது என்று உறுதி செய்துவிட்டால், மெஷினை அங்கே வாங்குங்கள். காரணம் விலையன்று. ஸ்டார்ட்டர் கயிறு அறுவது, பிளக் கரி பிடிப்பது, கார்புரேட்டர் அடைத்துக்கொள்வது ஆகிய எல்லாம் வேலை நடக்கும் இடத்தில்தான் நேரும். அப்போது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக் கடைக்குத் தொலைபேசியில் பேசிப் பயனில்லை. பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ, அங்கே இல்லையென்றால் மதுரையிலோ, எந்த நிறுவனத்தின் மெஷினுக்கு உதிரிப் பாகமும் பழுது பார்க்க ஆளும் கிடைக்கிறது என்று உறவினர் ஒருவரை விட்டு விசாரித்து, அதையே வாங்குவது நல்லது.

அப்படியானால் மகன் எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்த நாட்களில் இந்த மெஷினின் இரைச்சல் நமக்கெல்லாம் பழகிப்போனது. இன்றும் முதிர்ந்த முந்திரியை அறுத்துவிட்டுப் புதுக்கன்று வைக்கும் தோப்புகளில் மெஷின் பிடிக்கத் தெரிந்தவரைப் பார்க்கலாம். அவருக்குக் கூலி கொடுத்தாவது மகனை இரண்டு மூன்று நாள் உடன் அனுப்புங்கள். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை அன்று இது.

ஓட்டிய மெஷினை ரயிலில் கொண்டுபோகும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல் போன்ற தீப்பற்றும் பொருளுடன் ரயிலில் பயணம் செய்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் தரும் குற்றம். டேங்கை வடித்துவிட்டாலும் கார்புரேட்டரில் கொஞ்சம் தங்கியிருக்கும், வாடையும் போகாது. வேறு வழியின்றி இங்கிருந்தே அனுப்ப நேர்ந்தால், டேங்கை வடித்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிட்டு, ஒரு நாள் காற்றாட வைத்து, செயினைக் கழற்றித் தனியே சுற்றி, பார்சல் லாரியில் போடுங்கள்.

22 அங்குல பார் உங்களுக்கு வேண்டாம். உங்கள் நிலத்தில் பெரும்பாலான தண்டுகள் ஒரு சாண் குறுக்களவைத் தாண்டியிருக்காது. 35 முதல் 45 சிசி எஞ்சினும் 14 அல்லது 16 அங்குல பாரும் தாராளம். நீளமான பார் சுமை மட்டுமன்று, ஆபத்தும்கூட. சீமைக்கருவேல் ஒற்றைத் தண்டாக நிற்காமல் தூரிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து நிற்கும்; முன் தண்டை அறுக்கும்போது பாரின் மூக்கு, குறிப்பாக அதன் மேல்பகுதி, பின்னால் மறைந்திருக்கும் தண்டில் பட்டால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால்தான் முன்கைப்பிடிக்கு எதிரே செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று நாள்தோறும் காலையில் பாருங்கள். தோளுக்கு மேலே மெஷினைத் தூக்கி அறுக்க வேண்டாம். ஒருவர் மட்டும் தனியே காட்டுக்குள் போகவும் வேண்டாம். முதலில் வெட்டரிவாளால் முள் கிளைகளைக் கழித்து, நிற்கவும் பின்வாங்கவும் இடம் செய்துகொண்டபின் மெஷினை எடுங்கள். இந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். தடித்த அடியுள்ள பூட்ஸும் கண்ணாடியும் இல்லாமல் இறங்காதீர்கள்.

மின் இணைப்பு இல்லாத இடத்தில் பெட்ரோல் மெஷின்தான். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி. கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழுதுக்கு வாரன்டியும் பேசாது. செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு, அதற்கு டேங்கும் வேறு. ஊற்றுவது தகப்பனும் பிள்ளையுமாக மாறி மாறி என்றால் இரண்டு மூடிகளிலும் பெயின்ட் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் உங்கள் வேலையில் பாதியைத்தான் செய்யும். தூர் மண்ணில் இருக்கும் வரை சீமைக்கருவேல் மறுபடி தழைக்கும், முன்பு நாலு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டு நிற்கும். செயினை மண்ணில் இறக்கித் தூரை அறுக்கலாம் என்று நினைத்தால் ஒரு நிமிடத்தில் பல் மழுங்கிவிடும். தூரை ஜேசிபி கொண்டுதான் வேரோடு பிடுங்க வேண்டும். வேளாண் பொறியியல் துறை மண் தள்ளும், அள்ளும் இயந்திரங்களை மணி வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். உங்களுடையது கரிசல் மண் என்றால் பொங்கல் முடிந்த கையோடு இயந்திரத்தை இறக்காதீர்கள், ஈரத்தில் புதைந்துகொள்ளும். தை மாதத்தில் அறுப்பு, மண் இறுகியபின் தூர் என்று வைத்துக்கொண்டால், அறுக்கும்போதே இடுப்பளவு தண்டை விட்டு அறுக்கலாம். ஜேசிபிக்குப் பிடி கிடைக்கும்.

வெட்டத் தொடங்கும் முன் எல்லையை அளந்து கல் நட்டுவிடுங்கள். பக்கத்தில் கண்மாய்ப் புறம்போக்கு இருந்தால் அங்குள்ள மரம் உங்களுடையதன்று. வரப்பில் பனை நின்றால் அதன் மேல் கை வைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது.

கேள்வி: பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அறுப்பு நேராக இறங்காமல் ஒருபக்கமாக வளைந்து போகிறது. தூளும் மாவுபோல் விழுகிறது.
- ஒரு வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: மாவுபோல் விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள், கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். வளைவதற்குக் காரணம், முன்பு வைத்திருந்தவர் ஒரு பக்கத்துப் பற்களை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் அரம் போட்டிருப்பார். எல்லாவற்றிலும் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாப் பற்களையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். உருண்டை அரம்தான் போட வேண்டும். செயினின் அளவைப் பொறுத்து 4 அல்லது 4.8 மில்லிமீட்டர். அதன்பிறகும் வளைந்தால் பாரின் இரு விளிம்புகளில் ஒன்று தேய்ந்திருக்கும். பாரைத் தட்டையான மேசைமேல் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள், நேராக நிற்காமல் சாய்ந்தால் கோளாறு பாரில்தான்.