புது ஏர் ரைஃபிளில் குறி சிதறுவது ஏன்?

குழலை மடக்கி நிரப்பும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் (குறியைப் பெரிதாக்கிக் காட்டும் குழாய்) மாட்டியதிலிருந்து குண்டுகள் கண்டபடி சிதறுகின்றன என்கிறீர்கள்.

ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன் அதை ரைஃபிளோடு பிணைக்கும் பிடியின் திருகுகளைப் பாருங்கள். இந்த வகை ரைஃபிள் முதலில் பின்னுக்கு உதைக்கும். உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னுக்குத் தாவும். இந்த இரட்டை அதிர்வில் ஸ்கோப்பின் பிடி மயிரிழை நகர்ந்தாலும் குறி தப்பும். என்னுடையதில் பிடிக்கு அருகே பளபளவென்று ஒரு புதுக் கீறல் தெரிந்தது. அது நகர்ந்த தடம். ரைஃபிளைத் தோளில் தாங்கும் மரக்கட்டையின் திருகுகளையும் இறுக்குங்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் அதிர்வைத் தாங்கும் ஸ்கோப்தானா என்றும் கடையில் கேளுங்கள்.

குண்டில்லாமல் விசையை இழுக்கவே கூடாது, பிஸ்டன் சீல் (காற்று கசியாமல் அடைக்கும் பாகம்) கெடும். சென்னையின் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பயிற்சியை மொட்டை மாடியில் வேண்டாம், துப்பாக்கி சுடும் கிளப்பில் செய்யுங்கள்.