கிருமித்தொற்றும் சபையும்: ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் கேட்டவை

சிங்கப்பூரில் சார்ஸ் வந்த 2003இல் நான் வார்டில் இருந்தேன். கொவிட் வந்தபோது ஓய்வு பெற்று, எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் தொண்டூழியர்களை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

அக்கா, அடுத்த தொற்று வந்தால் முதல் வாரத்தில் சபை என்ன செய்ய வேண்டும்?

முதல் வாரத்தில் ஓடுவதற்கு முன், இப்போதே ஒரு பட்டியல் எழுதுங்கள். தனியாக வசிக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், நாள் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டு முகவரி, தொலைபேசி எண், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரம் வேண்டும். ஒரு தொண்டூழியருக்கு ஐந்து பேர் போதும்.

2020 ஏப்ரல் 7இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கியது. 12ஆம் தேதி ஈஸ்டர். நாங்கள் எல்லாரும் ஆராதனை நேரலைக்குக் கேமரா, மைக் என்று அலைந்துகொண்டிருந்தோம். இருபது வருடமாக மூன்றாவது பெஞ்சில் உட்காரும் பாட்டியிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் எந்த புளோக்கில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அரிசி தீரவில்லை, நல்லவேளை. "ஒருத்தரும் கூப்பிடலையேம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆராதனையை நிறுத்துவது விசுவாசக் குறைவு என்று எங்கள் மூப்பர் ஒருவர் சொல்கிறார்.

2020 பிப்ரவரியில் இங்கே முதலில் உருவான தொற்றுக் குழுமங்களில், அதாவது ஓரிடத்தில் பலருக்குத் தொற்று பரவிய இடங்களில், இரண்டு தேவாலயங்களும் இருந்தன. அந்த மாதம் 15ஆம் தேதியிலிருந்தே கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் பொதுத் திருப்பலிகளை நிறுத்தியது. அரசு எல்லாவற்றையும் மூட இன்னும் ஏழு வாரம் இருந்தது. மூப்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 26இலிருந்து 50 பேர் கூடலாம், ஆனால் பாடக் கூடாது என்றார்கள். மூடிய அறையில் பாடும்போது மூச்சோடு கிருமி அதிகம் வெளியேறும், அதுதான் காரணம். பாட்டில்லாமல் தமிழ் ஆராதனையா! மாஸ்க்குக்குள் நானும் கொஞ்சம் முணுமுணுத்தேன், மறைக்கவில்லை.

தொற்று வந்தவர் பெயரை வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போடலாமா?

அவர் சரி என்று சொன்னால் மட்டும். இல்லையென்றால் "ஒரு சகோதரருக்காக" என்று போடுங்கள். ஆண்டவருக்கு ஆள் யாரென்று தெரியும்.

வெளிநாட்டு ஊழியர் விடுதிக்கு உணவு கொண்டுபோகும்போது நற்செய்திக் கைப்பிரதியும் வைக்கலாமா?

வேண்டாம். வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடப்பவன் கையில் சோற்றோடு சேர்த்துக் கொடுத்தால், அவனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

அங்கே என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். 2020இல் ஊழியர்கள் அறைகளில் முடங்கிக் கிடந்த அதே ஏப்ரல் கடைசியில் ரமதான் தொடங்கியது. பங்களாதேஷ் ஊழியர்களுக்கு ஹலால் சாப்பாடு நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பையன்கள் கேட்டது பெரும்பாலும் போனுக்கு டாப்-அப் கார்டு. வீட்டில் பேசாமல் அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. தனியாகப் போகாமல், ஹெல்த்சர்வ் போல ஏற்கெனவே அவர்களோடு வேலை செய்யும் அமைப்பு வழியாகப் போங்கள்.

தமிழ்ச் சபையிடம் இருக்கும் பெரிய உதவி நம் வாய்தான். மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையின் முடிவு என்ன, ஏன் வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள் என்று தமிழில் ஒருவர் போனில் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

இறுதிச் சடங்குக்கு ஆள் குறைத்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்?

சிரமப்பட்டோம். சர்க்கிட் பிரேக்கரில் ஒரே நேரத்தில் 10 பேர்தான். அண்ணன் தம்பி குடும்பங்களே அதைத் தாண்டிவிடும். யார் உள்ளே, யார் வெளியே என்று குடும்பத்தையே முடிவு செய்யச் சொல்லாதீர்கள், அந்தச் சண்டை வருடக்கணக்கில் நிற்கும். போதகர் நேரம் பிரித்து, முறை வைத்து அனுப்பட்டும். ஊரில் இருப்பவர்களுக்கு ஒருவர் போனைப் பிடித்து நேரலையில் காட்டட்டும்.

அப்புறம், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் யாராவது ஒருவர் அந்த வீட்டு வாசலில் சாப்பாட்டு டிபனை வைத்துவிட்டு, கீழே போய் நின்று போன் பண்ணுங்கள். ஜன்னல் வழியாகக் கையாவது ஆட்டுவார்கள்.