முழங்கால் தேய்மான வலிக்குச் சாப்பாட்டில் எதை மாற்றலாம்?

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், முடக்கத்தான் தோசை கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கீரையும் திரும்ப வளர்க்காது. அம்மா கொஞ்சம் பருமன் என்றால், சாப்பாட்டால் கிடைக்கும் பெரிய பலன் எடை குறைவதுதான். உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ இறக்கினால் பலருக்கும் வலி நன்றாகவே தணியும். அதனால் இரண்டாம் முறை வாங்கும் சோறு, மாலை பஜ்ஜி, சர்க்கரை போட்ட காபி இவற்றில் கை வையுங்கள். அப்புறம், பட்டினி மட்டும் வேண்டாம். தொடைத் தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். பருப்பு, முட்டை, மத்தி மீன் தட்டில் இருக்கட்டும். மூட்டு சிவந்து, சூடாகி வீங்கினால் அது வேறு கதை, மருத்துவரிடம் காட்டுங்கள்.