காலியான நாற்காலியை என்ன செய்வது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் மாநகராட்சியில் செயற்பொறியாளர் பணியிடம் வெகுநாளாகக் காலி. அதைச் சரண் செய்துவிட்டு (பணியிடமே வேண்டாம் என்று அரசிடம் ஒப்படைத்துவிட்டு), அந்தச் சம்பளத்தில் இரண்டு உதவிப் பொறியாளர்களைக் கேட்கலாம் என்கிறார்கள் சக உறுப்பினர்கள். மாமன்றத் தீர்மானம் போதுமா? (மாமன்ற உறுப்பினர், கொங்கு மண்டலம்)

போதாது. தீர்மானத்தின் பேரில் ஆணையர் கருத்துரு (முன்மொழிவு) அனுப்ப வேண்டும். அது நகராட்சி நிர்வாக இயக்குநரகம், துறைச் செயலகம் என்று போய், நிதித்துறை இசைவுடன் அரசாணையாகத் திரும்பினால்தான் பணியிடம் மாறும். 2022-இல் சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்ததும் அரசாணை 152 வழியாகத்தான்.

நடைமுறை இருக்கட்டும். கருத்துரு போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பணியிடத்துக்கு என்னென்ன கையெழுத்து அதிகாரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாலைப் பணி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுகிறார். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் தொழில்நுட்ப அனுமதியை செயற்பொறியாளர் போன்ற மேல்நிலைப் பொறியாளர்தான் தர முடியும். வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிந்த நீளம், அகலம், கனத்தை மேலதிகாரி களத்துக்கே போய்ச் சரிபார்த்த பிறகுதான் பில் நகர வேண்டும். இரண்டு உதவிப் பொறியாளர்கள் கூடுதலாக வந்தால் மதிப்பீடுகள் மளமளவென்று தயாராகும். அனுமதிக்கோ கோப்பு காத்துக்கிடக்கும். களத்தில் சரிபார்க்க ஆளில்லாமல் போவது அதைவிடக் கெடுதல். மெலிந்த சாலைக்கு முழுப் பணம் போய்விடும்.

அதனால் செயற்பொறியாளரை நிரப்பச் சொல்லி ஒரு தீர்மானம், உதவிப் பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு கருத்துரு என்று போங்கள். ஒரு சிறப்புத் திட்டத்துக்காக உருவான பணியிடம், திட்டமும் முடிந்துவிட்டது என்றால் மட்டும் தாராளமாகச் சரண் செய்யலாம்.

கணக்குப் பிரிவு உதவி ஆணையர் பணியிடம் காலி. வருவாய்ப் பிரிவு உதவி ஆணையரே கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா?

கூடாது. வரி வசூலிக்கிறவரே வசூலுக்குக் கணக்கும் சொல்லும் நிலை வரும். தணிக்கையில் முதலில் கேட்கப்படுவது இதுதான். இணைத்தே ஆக வேண்டுமென்றால், ஒன்றையொன்று சரிபார்க்காத பிரிவுகளைப் பாருங்கள்.

பணிமூப்பில் அடுத்த ஆள் நான். பணியிடம் காலியானபோது இருந்த விதிப்படி எனக்குத் தகுதி உண்டு. இப்போது மறுசீரமைப்பு என்று விதியைத் திருத்துகிறார்கள். பழைய விதி எனக்குப் பொருந்தாதா? (கண்காணிப்பாளர், தென்மாவட்டம்)

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் சட்டம் இன்று உங்கள் பக்கம் இல்லை. பழைய காலியிடத்துக்குப் பழைய விதி என்று 1983-இல் ரங்கய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையே பலரும் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2022 மே மாதம் இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ராஜ்குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. பதவி உயர்வுக்கான பரிசீலனை நடக்கும்போது நடப்பில் உள்ள விதியே பொருந்தும்.

ஆகவே திருத்தம் வருவதற்கு முன்பே, பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கக் கோரி உரிய வழியில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் பட்டியல் போட்டாக வேண்டும் என்று உங்கள் பணி விதியிலேயே இருந்தால், அந்தப் பக்கத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

காலியான பணியிடத்தைத் தற்காலிகமாகக் கவனிக்கும் பொறுப்பு அதிகாரி போட்ட உத்தரவு செல்லுமா?

அவரை நியமித்த ஆணையைப் படியுங்கள். முழுக் கூடுதல் பொறுப்பு தரப்பட்டிருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. அன்றாடப் பணிகளை மட்டும் கவனிக்கச் சொல்லியிருந்தால், சட்டம் அந்தப் பதவிக்கென்று தந்த அதிகாரம் அவருக்கு வராது. 1965-இல் அஜய்ப் சிங் வழக்கில், மாவட்ட மாஜிஸ்திரேட்டின் பணிகளைக் கவனித்துவந்தவர் போட்ட தடுப்புக்காவல் உத்தரவு இந்தக் காரணத்தால்தான் நிற்கவில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரியை ஆலோசகராக வைத்துச் சமாளிக்கலாமா?

ஆலோசனைக்கு வைக்கலாம். கோப்பில் முடிவெடுத்துக் கையெழுத்திட அவரால் முடியாது.