சமூக ஆதரவு வேளாண்மை: யாருக்குப் பயிற்சி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய கிராமங்களில் இயற்கை வேளாண் பயிற்சிகள் நடத்தும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். உண்ணும் குடும்பங்கள் பண்ணையின் ஓராண்டுச் செலவையும் நட்டத்தையும் விவசாயியோடு பகிர்ந்துகொண்டு விளைச்சலைப் பெறும் சமூக ஆதரவு வேளாண்மையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சென்ற ஆண்டு இரண்டு நாள் பயிற்சி ஒன்றை நடத்தினோம். வேலையை விட்டு நிலத்துக்குத் திரும்பிய இளைஞர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஊர் விவசாயிகள் என்று பலரும் வந்தார்கள். மண்வளம், பஞ்சகவ்யம், மூடாக்கு, விதை சேமிப்பு எல்லாவற்றையும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தோம். சிலர் ஈரோட்டிலும் திருப்பூரிலும் குடும்பங்களைச் சேர்த்து வாரம் ஒரு காய்கறிக் கூடை அனுப்பத் தொடங்கினார்கள். ஓராண்டுக்குள் ஏறக்குறைய எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். விளைச்சல் மோசமில்லை, குடும்பங்கள்தான் விலகிவிட்டன என்கிறார்கள். பயிற்சியில் எதை விட்டுவிட்டோம்? இரண்டு நாள் போதாதா? இம்முறை கட்டணம் வாங்கலாமா என்றும் எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடுகிறது.

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் பயிர் வளர்ப்பதற்கு வேண்டியவை. ஓராண்டுச் செலவைக் கணக்கிட்டு, அதை உண்ணும் குடும்பங்களின் முன் மறைக்காமல் வைத்து, அவர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வருவது தனியாகப் பழக வேண்டிய வேலை. உங்கள் பட்டியலில் அது இல்லை. மேலும், பயிற்சிக்கு வந்தவர்கள் அனைவரும் விளைவிப்பவர்கள் அல்லது விளைவிக்க விரும்புபவர்கள். கூடையை வாங்கிய குடும்பங்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. என் கருத்தில் பயிற்சியில் பாதி அவர்களுக்குரியது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானில் 1971இல் தொடங்கப்பட்ட இயற்கை வேளாண்மைச் சங்கம், விவசாயிகளும் நகரத்துக் குடும்பங்களும் நேரடியாகக் கைகோக்கும் தெய்கெய் முறைக்கு 1978இல் பத்து நெறிகளை வகுத்தது. விளைந்ததை முழுவதும் ஏற்றுக்கொள்வது, விலையில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது, விநியோகத்தைத் தாங்களே செய்வது ஆகியவற்றோடு, இரு தரப்புக் குழுக்களும் தொடர்ந்து கற்க வேண்டும் என்பதும் அந்தப் பத்தில் ஒன்று. பிற்காலத்தில் அங்கே இம்முறை தளர்ந்ததற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம் ஒன்றையும் கவனியுங்கள்: கூடைகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கூலியின்றிச் செய்துவந்த இல்லத்தரசிகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும், அந்த வேலைக்குக் கையில்லாமல் போயிற்று. யார் பிரிப்பது, யார் கணக்கு எழுதுவது, புதிதாக வரும் குடும்பத்துக்கு யார் விளக்குவது என்பதைப் பயிற்சியின்போதே பேசாவிட்டால், அந்தச் சுமை முழுவதும் விவசாயியின் தலையில்தான் வந்து விழும். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையில் சமூக ஆதரவு வேளாண்மையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ராபின் வான் என், உண்பவர்களிலிருந்தே ஒரு மையக் குழு அமைந்து நிர்வாகத்தைச் சுமக்க வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதனால்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் நாள் முழுவதையும் இதற்கே கொடுப்பேன். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தம் நிலத்தின் ஓராண்டுச் செலவைத் தாமே எழுதட்டும். ஒரு கற்பனைப் பண்ணையை வைத்துச் சொல்கிறேன். விதை, தொழு உரம், ஆள்கூலி, சொட்டுநீர்க் குழாய்களின் தேய்மானம், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் ஆகிறது, 40 குடும்பங்கள் இருக்கின்றன என்றால், ஒரு குடும்பத்தின் பங்கு மாதம் 1,500 ரூபாய். பெரும்பாலோர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். அந்த நிலத்தில் நாள் முழுக்க உழைக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய் என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தம் 12,00,000 ஆகிவிடும், பங்கு 2,500 ஆகிவிடும். இடையில் நிற்கும் அந்த 1,000 ரூபாயை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுத் தம் உழைப்பை இலவசமாகத் தருபவர்கள் இரண்டாம் ஆண்டில் கடனில் நிற்பார்கள், அல்லது சலித்துப்போய்க் கூடையின் தரத்தைக் குறைப்பார்கள். குடும்பங்கள் விலகிவிட்டன என்று உங்களிடம் சொன்னவர்களின் கணக்கு நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

அந்தத் தொகையைக் கேட்பதையும் வகுப்பிலேயே பழக வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையிலும் ஜெர்மனியின் பல பண்ணைகளிலும் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் மொத்தச் செலவையும் சராசரிப் பங்கையும் அறிவித்துவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்லும்படி கேட்பார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் அதைச் சீட்டில் எழுதி வாங்குகிறார்கள். வசதியுள்ளவர் கூடுதலாகவும் மற்றவர் குறைவாகவும் எழுதலாம், யார் எவ்வளவு எழுதினார் என்பது வெளியே தெரியாது. கூட்டிப் பார்த்தால் போதவில்லையென்றால் மறுபடியும் ஒரு சுற்று. பங்கேற்பவர்களில் பாதிப் பேரைக் குடும்பங்களாக உட்காரவைத்து இதை நடத்திப் பாருங்கள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் எழுந்து, இந்தச் செலவு ஏன், அந்தச் செலவு ஏன் என்று கேட்கத் தொடங்கும்போது விவசாயி எப்படிப் பதில் சொல்கிறார் என்பதில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. வயது வந்தவர்களுக்கான பயிற்சியில் உள்ள வசதியே இதுதான்: ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை நன்றாக அறிந்தே வருகிறார்கள். நாம் மேடையில் நின்று பேசிக்கொண்டே இருந்தால் அது வீணாகிவிடும். (ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.)

உண்பவர்களுக்கான அமர்வை ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். அவர்களில் பலர் இதை வீட்டுக்கே வந்து சேரும் உழவர் சந்தை என்று நினைத்திருப்பார்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகரை நீக்கியது, நல்ல காரியம். ஆனால் ஐப்பசி மழையில் தக்காளி அழுகினால் அந்த நட்டம் அங்கேயும் விவசாயிக்குத்தான். சமூக ஆதரவு வேளாண்மையில் அந்த நட்டத்தைக் குடும்பங்களும் பகிர்கின்றன. பிரான்சில் 2001இல் துலோன் நகருக்கு அருகிலுள்ள பண்ணை ஒன்றிலிருந்து பரவிய, ஆமாப் என்று அங்கே அழைக்கப்படும் இத்தகைய குழுக்களில், பருவத் தொடக்கத்தில் ஒப்பந்தம் எழுதி, பருவம் முழுவதற்குமான காசோலைகளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அவை மாதத்துக்கு ஒன்றாக வங்கியில் போடப்படுகின்றன. கூடை மெலிந்த மாதத்திலும் காசோலை பணமாகிவிடும். இதை முன்பே கேட்டுச் சம்மதித்த குடும்பம் தக்காளி இல்லாத வாரத்தில் கோபப்படாது. சம்மதிக்காத குடும்பம் முதலிலேயே விலகிக்கொள்வதும் உங்களுக்கு நல்லதுதான்.

பயிர்த் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது நீங்கள் அறிந்த துறை. சந்தைக்கு விளைவிப்பவர் ஒரே பயிரை ஒரே நாளில் விதைக்கலாம். கூடைக்கு விளைவிப்பவர் சிறுகீரையை வாரம் ஒரு பாத்தியாக விதைக்க வேண்டும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதால், வாரம் ஒரு கூடை என்று வாக்களித்தவர் மீதி வெண்டையை என்ன செய்வார் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். 52 வாரங்களுக்கும் 52 கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, எந்த வாரக் கூடையில் என்னென்ன இருக்கும் என்று நிரப்பச் சொன்னால், வெறுமையாக நிற்கும் கட்டங்கள் தாமாகவே கண்ணில் படும்.

இரண்டு நாள் தொடக்கத்துக்குப் போதும், தொடர்வதற்குப் போதாது. 1994இல் அமெரிக்காவின் ஹட்சன் பள்ளத்தாக்கையும் அதை ஒட்டிய மாசசூசெட்ஸ் பகுதியையும் சேர்ந்த பண்ணைகள் கிராஃப்ட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. கற்பவர் ஒரு பருவம் முழுவதும் ஒரு பண்ணையில் வேலை செய்வார். இடையிடையே எல்லோரும் சேர்ந்து மற்றப் பண்ணைகளுக்கும் சென்று, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைக் கற்பார்கள். உங்கள் பகுதியில் இதற்குப் பெரிய செலவு ஆகாது. வைகாசியில் கணக்கு அமர்வு, ஆனியில் குடும்பங்களோடு கூட்டம், ஆடிப்பட்டத்தில் விதைப்பு என்று வைத்துக்கொண்டு, அதன் பின் தை வரை மாதம் ஒருமுறை ஒருவர் தோட்டத்தில் மற்றவர்கள் கூடட்டும். கூடையை நிறுத்திவிட்டவர்களையும் அழையுங்கள். அவர்களுடைய கணக்கு நோட்டுதான் உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த பாடநூல்.

கட்டணம் வாங்கலாம். விளைவிப்பவரிடம் குறைவாகவும், கூடை வாங்கப் போகும் குடும்பத்திடம் அதிகமாகவும் வாங்குங்கள். அந்தக் குடும்பம் பின்னர் பங்கெடுத்தால், கட்டணத்தை முதல் மாதத் தொகையில் கழித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்