கேமராவுடன் துபாய் போய்த் திரும்பும்போது சுங்கவரி வருமா?

பாறசாலை நண்பருக்கு வணக்கம். நாகர்கோவிலில் வாங்கிய கேமரா, இரண்டு லென்ஸ்கள், மடிக்கணினி ஆகியவற்றைத் துபாய்க்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது, அவை அங்கே வாங்கியவை என்று கருதித் திருவனந்தபுரத்தில் வரி கேட்பார்களோ என்று எழுதியிருந்தீர்கள்.

மடிக்கணினியைப் பற்றிக் கவலை வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பிய பயணிக்கு ஒரு மடிக்கணினிக்கு வரிவிலக்கு உண்டு. கேமராவுக்குத்தான் முன்யோசனை தேவை. புறப்படும் நாளில், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் சென்று, கேமராவையும் லென்ஸ்களையும் நேரில் காட்டி, அவற்றின் வரிசை எண்கள் குறிக்கப்பட்ட ஏற்றுமதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே எண்களை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, கடை ரசீதுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரைப் பக்கச் சாலை நெரிசலையும் கணக்கிட்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

ரசீது மட்டும் போதுமே என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நம்பிச் சென்று, திரும்பியபோது நெடுநேரம் விளக்கம் சொல்லி நின்றேன். பொருள் இங்கிருந்துதான் வெளியே போனது என்பதற்குச் சான்றிதழே உறுதியான ஆதாரம். துபாயில் புதிதாக ஏதேனும் வாங்கி, அது வரிவிலக்கு வரம்பைக் கடந்தால், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்போருக்கான சிவப்பு வழியில் சென்று அதைத் தனியாக அறிவித்துவிடுங்கள்.