ஒரே முதலாளிக்கு இரண்டு கன்ட்ரி வானொலி நிலையங்கள் எதற்கு?

நேயர்கள் பிரியத்தான் செய்வார்கள். அமெரிக்க வானொலி நிறுவனமான கியூமுலஸ் அதைத் தெரிந்தேதான் செய்கிறது. நாஷ்வில் நகரில் அதன் பண்பலை நிலையங்களான 103.3, 95.5 இரண்டிலும் கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசையே ஒலித்தால் தன் நேயர் பங்கைத் தானே தின்றுவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது நிலையத்தின் குறி, போட்டி நிறுவனமான ஐஹார்ட்டின் கன்ட்ரி நிலையம் 97.9 என்றே நினைக்கிறேன்.

2014இல் 95.5 'நாஷ் ஐகான்' ஆனபோது 90களின் பாடகர்களுக்கு முன்னிடம் கொடுத்தது. புதுப் பாட்டு அலுத்துத் திருப்புகிறவர் எதிராளியிடம் போகாமல் அதே வீட்டின் அடுத்த அறைக்குப் போகிறார். விளம்பரதாரரிடம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை பேசலாம், அதுதான் உண்மையான லாபம்.

சோதிக்க வேண்டுமானால், வானொலி நேயர்களை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் எண்களில் 103.3ஐத் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டின் கூட்டுத்தொகை ஏறி, 97.9 இறங்கியிருந்தால் உத்தி பலித்தது. கூட்டுத்தொகை அப்படியே நின்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் ஒரு மாதத்து எண்ணை நம்ப வேண்டாம். எந்த நிலையம் கேட்கிறார்கள் என்று பதியும் நீல்சன் மீட்டரை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். சில வீடுகள் மாறினாலே பங்கு ஆடும். பொதுவில் வருவது 6 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய கணக்கு, விளம்பரதாரர் பெரும்பாலும் பார்ப்பதோ 25–54 வயதினரை.